படர்தாமரை: பூனையும் பிள்ளையும் ஒரு டியூப்பும்

வினைத்தொகைக்கு உதாரணம் கேட்டால் பிள்ளைகள் 'ஊறுகாய்', 'சுடுசோறு' என்று புத்தகத்தில் உள்ளதைச் சொல்வார்கள். நான் 'படர்தாமரை'யையும் சேர்த்துக்கொள்வேன். படர்ந்த தாமரை, படர்கின்ற தாமரை, படரும் தாமரை. முக்காலமும் உள்ளே இருக்கிறது. தோலில் வட்டமாகக் கிளம்பி நாளுக்கு நாள் அகன்றுகொண்டு போகும் ஒரு நோய்க்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. குளத்து நீரில் தாமரை இலை பரவுவதைப் பார்த்துப் பழகிய ஒரு கண்தான் இந்தச் சொல்லைக் கண்டிருக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு 'ரிங்வேர்ம்', வளையப் புழு என்று பெயர். வைத்தியர்கள் எழுதும் 'டினியா' என்ற லத்தீன் சொல் துணி அரிக்கும் அந்துப் பூச்சியையும் குறிக்கும். இரண்டுமே தோலுக்குள் ஏதோ ஒன்று இருந்து அரிக்கிறது என்ற நம்பிக்கையில் பிறந்தவை. உள்ளே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. சிங்களத்தில் 'தத' என்பார்கள். சமஸ்கிருதத்துத் 'தத்ரு'வின் வழி வந்தது. அரபு வைத்தியத்தில் 'ஸஅஃபா'. பேரீச்ச ஓலையைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேர். இத்தனை பெயர்களுக்குள்ளும் கண்ணால் கண்டதைக் கண்டபடி சொல்வது தமிழ்ப் பெயர்தான் என்று வகுப்பில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். பெயர் தெரிந்த எனக்கு நோய் தெரியாமல் இருந்தது என்பது, அது என் வீட்டுக்குள் வந்த பிறகுதான் விளங்கியது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாரி காலத்தில், மத்ரஸா விட்டு வந்த என் மகள் ஒரு பூனைக்குட்டியைப் பர்தாத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். கான் ஓரத்தில் கிடந்து கத்தியதாம். ஐந்தாறு வாரக் குட்டி, சாம்பல் நிறம். ஒரு காதோரத்தில் மயிர் இல்லை. மழையில் நனைந்து கிடந்ததால் என்று நினைத்தோம். அன்றிரவே அது அவளுடைய தலையணையில் இடம் பிடித்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து என் முன்கையில் ஐந்து ரூபாய்க் குத்தியளவில் ஒரு சிவப்பு. விளிம்பு மட்டும் சற்றே மேடு தட்டி, பொருக்குப் பொருக்காக இருந்தது. அரிப்பென்றால் சொல்ல முடியாது.

உம்மா பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். "இது படர்தாமரைதான் புள்ள. அந்தப் பூனைட வேல. கொண்டுபோய் மீன் சந்தையில விட்டுட்டு வரச் செல்லு."

நோய் எது, எங்கிருந்து வந்தது என்று உம்மா சொன்ன இரண்டும் சரி. பூனையை விட்டுவிட்டால் நோய் போய்விடும் என்பதுதான் பிழை. நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. அதைச் சொல்வதற்கு முன் இந்த நோய் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

படர்தாமரையை உண்டாக்குவது பங்கசு. பழைய பாணில் பூக்கும் பூஞ்சணத்துக்குத் தூரத்து உறவு. பங்கசு இனத்தில் இந்தக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு விசித்திரமான பசி உண்டு. கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று சீவிக்கும். நம் தோலின் மேலடுக்கு, மயிர், நகம், மாட்டின் கொம்பு, குளம்பு, கோழியின் இறகு எல்லாம் கெரட்டினால் ஆனவை. தோலின் மிக மேலே இருப்பது உதிரக் காத்திருக்கும் செத்த அடுக்கு. பங்கசு குடியிருப்பது அங்கேதான். சாதாரண உடல்நிலை உள்ளவரில் அது அதற்குக் கீழே இறங்குவது அரிது.

வட்டம் ஏன் வருகிறது? அறுவடைக்குப் பிறகு வட்டையில் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். ஓரிடத்தில் வைத்த நெருப்பு நாலா பக்கமும் நகரும். எரிவது ஓரம், நடு கருகி அடங்கிக் கிடக்கும். பங்கசும் விழுந்த இடத்திலிருந்து வெளிநோக்கி நகர்கிறது. உடம்பு அதை எதிர்க்கிறபோது நடுப்பகுதி தெளிகிறது, விளிம்பு சிவந்து அரிக்கிறது. ஆகவே மருந்து பூசும்போது சிவந்த விளிம்பையும் தாண்டி, சுகமான தோல்போலத் தெரிகிற இடத்திலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பூச வேண்டும். நெருப்பு அடுத்துப் போகப்போவது அங்கேதான்.

இந்தப் பங்கசுகளை அவற்றின் சொந்த வீட்டைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கிறார்கள். மண்ணில் வாழ்பவை, மனிதரிலேயே வாழப் பழகியவை, மிருகங்களில் வாழ்பவை. பெரியவர்களுக்குத் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வருகிற படர்தாமரை பெரும்பாலும் மனிதருக்குரியது. துவாய், உடுப்பு, படுக்கை வழியாக ஆளிலிருந்து ஆளுக்குப் போகும். அதற்குப் பூனைமேல் பழி போடுவது அநியாயம். முகத்திலும் கழுத்திலும் கையிலும் திடீரென்று ஒன்றிரண்டு சிவந்த வளையங்கள், அதுவும் குட்டிப் பூனை வந்த வீட்டில், அதைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைக்கு வந்தால் கதை வேறு.

பூனையிடமிருந்து வருவதன் பெயர் 'மைக்ரோஸ்போரம் கேனிஸ்'. கேனிஸ் என்றால் 'நாயுடையது'. 1902இல் பொடான் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். நாயிலும் அது வாழ்வது உண்மைதான். ஆனால் அதன் பெரிய இருப்பிடம் பூனை, அதிலும் குட்டிகளும் நீளமயிர்ப் பூனைகளும். பெயர் விஷயத்தில் நாய் பாவம். குட்டிகளில் காதோரம், மூக்குமேல், முன்கால் நுனி ஆகிய இடங்களில் மயிர் முறிந்து, சாம்பல் தூவினாற்போல் பொருக்குத் தெரியும். சில பூனைகளில் வெளியில் ஒன்றுமே தெரியாது; மயிரில் வித்திகளைச் சுமந்துகொண்டு சுகமாகத் திரியும். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் பின் ஒருவராக வளையம் வந்த பிறகுதான் பூனையையே சந்தேகிப்போம்.

மாட்டுக்கு வேறொன்று உண்டு, 'ட்ரைக்கோபைட்டன் வெருக்கோசம்'. கன்றுகளின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் தடித்த சாம்பல் பொருக்காகப் படியும். பால் கறப்பவரின் முன்கையிலும், கன்றைக் கட்டிப் பிடிக்கிற பட்டிக்காரரின் தாடியிலும் அது இறங்கினால் வீங்கிப் புண்ணாகிவிடும். எலி, முயல், கினிப் பன்றிகளிலும் இந்த 'ட்ரைக்கோபைட்டன்' இனத்தவை உண்டு. ஆடு மாடு வாங்கிக் கட்டும் ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில் நம் வளவுகளில் பிள்ளைகள் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடுவார்கள். விளையாடட்டும். பொருக்குள்ள கன்றாக இருந்தால் தள்ளிக் கட்டி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னால் போதும். மாடுகளுக்குத் தடுப்பூசிகூட இருக்கிறது. சோவியத் நாட்டில் உருவாக்கினார்கள். நோர்வேக்காரர் அதைப் போட்டே தங்கள் மாடுகளில் இந்த நோயைப் பெருமளவு இல்லாமல் செய்தார்கள்.

மிருகத்திலிருந்து வருவது மனிதரில் ஏன் இவ்வளவு சிவக்கிறது, ஏன் வீங்குகிறது என்று கேட்கலாம். மனிதரிலேயே வாழப் பழகிய பங்கசு நம்மோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டது. சத்தம் போடாமல் வருடக் கணக்கில் ஒரு நகத்துக்குள் கிடக்கும். மிருகத்துப் பங்கசு நம் உடம்புக்கு வரத்தான். உடம்பு அதைக் கண்டதும் முழுப் பலத்தோடு சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டைதான் சிவப்பும் வீக்கமும் அரிப்பும். இதில் ஒரு நன்மையும் உண்டு: சண்டை பலமாக நடப்பதால் வரத்தான் நீண்ட நாள் தங்குவதில்லை, மருந்துக்கும் கெதியாகக் கேட்கும். பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு அது தாவலாம். ஆனால் மனிதருக்கே உரியதைப்போல நெடுந்தூரம் ஓடாது.

இனி என் பிழைக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு பாமசியில் ஏறிக் கையைக் காட்டினேன். சீட்டு ஒன்றும் கேட்கவில்லை, ஒரு டியூப்பைத் தந்தார்கள். "ரெண்டு நாள் பூசுங்க டீச்சர், சுகமாகிடும்." சொன்னது சொன்னபடியே நடந்தது. இரண்டாம் நாள் அரிப்பு நின்றது. நாலாம் நாள் சிவப்பே இல்லை. நானும் அந்த டியூப்பைப் புகழ்ந்து இரண்டு மூன்று பேருக்குச் சொன்னேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நிறுத்திப் பத்து நாளில் மறுபடி வந்தது. இந்த முறை வட்டம் இல்லை, விளிம்பு இல்லை. முழங்கை வரைக்கும் திட்டுத் திட்டாக, நிறம் மங்கி, இன்ன நோய் என்று சொல்ல முடியாத ஒரு கோலம். டியூப்பின் பெட்டியை அப்போதுதான் எடுத்து வாசித்தேன். மூன்று மருந்துகள் கலந்தது. ஒன்று பங்கசுக்கு, ஒன்று பற்றீரியாவுக்கு, மூன்றாவது கிளோபெட்டசோல். அது மிகப் பலம் வாய்ந்த ஒரு ஸ்டீரொயிட்.

ஸ்டீரொயிட் பங்கசைக் கொல்வதில்லை. அது உடம்பின் சண்டையை நிறுத்துகிறது. காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டு, வளவில் நாய்கூடக் குரைக்கவில்லை, கள்வன் போய்விட்டான் என்று சந்தோசப்படுவது மாதிரி. அரிப்பும் சிவப்பும் போவதால் சுகம் என்று நினைக்கிறோம். காவல் இல்லாத தோலில் பங்கசு தன் பாட்டில் பரவுகிறது. விளிம்பு தெரியாதபடி உருமாறிவிடுவதால் வைத்தியருக்கே அடையாளம் பிடிபடாமல் போகிறது. 1968இல் இரண்டு பிரித்தானிய வைத்தியர்கள் இதைக் கண்டு எழுதி ஒரு பெயரும் வைத்தார்கள். தமிழில் 'மாறுவேடப் படர்தாமரை' எனலாம். நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்து, தொடை இடுக்கு போன்ற இடங்களில் கிழிந்தது போன்ற கோடுகள் விழும். அந்தக் கோடுகள் பிறகு முற்றாக மறைவதில்லை. முகம் வெளுக்க என்று விற்கும் சில கிறீம்களிலும் ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு. கல்யாண வீட்டுக்கு முன் அதைப் பூசுபவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பங்கசுக்கு மட்டுமான மருந்துகள் வேறு. குளோட்ரிமசோல், மைக்கொனசோல், டேர்பினாஃபின் ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. வட்டம் மறைந்த பிறகும் ஒன்றிரண்டு கிழமை விடாமல் பூச வேண்டும்; மொத்தம் இரண்டு முதல் நாலு கிழமை பிடிக்கும். பழைய விட்ஃபீல்ட் களிம்பையும் மறந்துவிடக் கூடாது. மலிவானது, ஸ்டீரொயிட் இல்லாதது, கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். டியூப் வாங்கும்போது பெட்டியில் கிளோபெட்டசோல், பீட்டாமெதசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் பாதி ஆபத்து நீங்கும். 'சோல்' என்று முடிவதெல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். குளோட்ரிமசோலும் கிளோபெட்டசோலும் காதுக்கு அண்ணன் தம்பிபோல ஒலிக்கும். ஒன்று பங்கசைக் கொல்வது, மற்றது அதற்குக் கதவைத் திறந்துவிடுவது.

நம் முன்னோர் பாவித்த தகரை, சீமையகத்தி இலைகளையும் கேலி செய்வதற்கில்லை. தகரைக்குச் சமஸ்கிருதத்தில் 'தத்ருக்ன' என்றே ஒரு பெயர் உண்டு; தத்ருவை அழிப்பது என்று பொருள். இந்த இலைகளில் பங்கசை எதிர்க்கும் பொருள்கள் இருப்பதும் உண்மை. தோலில் வந்த சின்ன வளையத்துக்கு அது கேட்கக்கூடும். தலையில் வந்தால் கேட்காது. என் மகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

எனக்குக் கையில் வந்தது எல்லாருக்கும் தெரிந்தது. அவளுக்குத் தலையில் வந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. காலையில் பர்தா போட்டால் பள்ளிக்கூடம், பிறகு மத்ரஸா, பின்னேரம்தான் கழற்றுவாள். ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது உச்சிக்குப் பின்னால் என் விரல் பட்டது. ஒரு குத்தியளவு இடத்தில் மயிர் எல்லாம் அடியோடு முறிந்து, தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. சொன்னால் பூனையை விட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் மூன்று கிழமையாக மறைத்திருக்கிறாள்.

அங்கேயும் நான் அந்த டியூப்பைத்தான் பூசினேன். அப்போது பெட்டியை வாசித்திருக்கவில்லை.

இரண்டு கிழமையில் அந்த இடம் ஊதி, தொட்டால் பஞ்சுபோல அமிழ்ந்து, பல துவாரங்களால் சீழ் கசிந்தது. கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சலும் வந்தது. தனியார் வைத்தியர் ஒருவர் பார்த்து, இது கட்டு, நாளைக்குக் கீறி விடுவோம் என்றார். அன்றிரவு தற்செயலாகத் தொலைபேசியில் பேசிய எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியைதான் "பூனைக்குட்டி வந்த வீடு எண்டு சொன்னீங்களா டீச்சர்? கீறக் குடுக்காம முதல்ல தோல் கிளினிக்குக்குக் கொண்டு போங்க" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் வைத்தியை முதலில் கேட்ட கேள்வியும் பூனையைப் பற்றித்தான். சின்ன இடுக்கியால் இரண்டு மூன்று மயிரைப் பிடித்து இழுத்தார். நோவில்லாமல் வந்துவிட்டது. அதைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். மயிரைச் சுற்றி மணி மணியாக வித்திகள். "கீற வேண்டிய கட்டு இல்ல இது" என்றார். இந்த வீக்கத்துக்குக் 'கேரியன்' என்று பெயர். கிரேக்கத்தில் தேனடை என்று அர்த்தமாம். அந்தச் சீழ்த் துவாரங்களைப் பார்த்தவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கத் தேவையில்லை. உடம்பு பங்கசோடு போடும் சண்டையின் உச்சம் அது. கீறினால் தழும்புதான் மிஞ்சும்.

தலையில் வந்தால் பூசுமருந்து ஏன் போதாது என்பதையும் அவர்தான் விளக்கினார். பங்கசு மயிரின் வழியே தோலுக்குள் வேர் வரைக்கும் இறங்கிவிடுகிறது. களிம்பு அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. குளிசையாக உள்ளே போகும் மருந்து இரத்தத்தோடு போய், புதிதாக உண்டாகும் கெரட்டினில் படிகிறது. மருந்து ஊறிய புதிய மயிர் அடியிலிருந்து முளைக்க, பங்கசு பிடித்த பழைய மயிர் மேலே தள்ளப்பட்டு உதிர்கிறது. மயிர் வளர்கிற வேகத்தில்தான் நோயும் போகும். ஆறு முதல் எட்டுக் கிழமை, சிலருக்கு அதற்கும் மேல். மகளுக்குக் கொடுத்தது கிரிசியோஃபல்வின். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும் என்று, முட்டையும் பாலும் கொடுத்துக் குளிசையைக் கொடுத்தோம். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து ஆகாது. வீட்டில் மிஞ்சியதை மற்றவருக்குக் கொடுக்கவே கூடாது.

அந்தக் குளிசைக்கு ஒரு கதை இருக்கிறது. பென்சிலின் தரும் பூஞ்சணத்தின் இனத்திலேயே ஒன்றிலிருந்து 1939இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். ஒரு பூஞ்சணம் இன்னொரு பூஞ்சணத்துக்கு மருந்து. ஆனால் 1958இல் கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் என்பவர், படர்தாமரை வந்த கினிப் பன்றிகளுக்கு அதை வாயால் கொடுத்துச் சுகப்படுத்திக் காட்டும் வரைக்கும் அதன் பயன் இந்த நோய்க்குத் தெரியாது. அதற்கு முன் பிள்ளைகளின் தலைப் படர்தாமரைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பாரிசில் சபுரோ என்ற பெரிய தோல் வைத்தியர் 1900களின் தொடக்கத்தில் வகுத்த முறைப்படி, தலைக்கு எக்ஸ்ரே கதிர் கொடுத்து மயிர் முழுவதையும் உதிர்த்தார்கள். பிறகு 1940களின் இறுதியிலும் 1950களிலும், அரபு நாடுகளிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பல்லாயிரம் பேருக்கு இந்தக் கதிர் கொடுக்கப்பட்டது. அவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் மூளையிலும் தைரொயிட் சுரப்பியிலும் கட்டிகள் வந்தன. 1994இல்தான் அவர்களுக்கு நட்டஈடு வழங்கச் சட்டம் வந்தது. உயிரை எடுக்காத ஒரு தோல் நோய்க்கு அவசரப்பட்டுச் செய்த வைத்தியம் அது. நம் டியூப் அவ்வளவு தூரம் போகாது, ஆனாலும் அந்த வரலாற்றை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனிப் பூனை. மருந்து தொடங்கிய அன்று மகள் கேட்ட ஒரே கேள்வி: "உம்மா, பூனைய விட்டுட்டீங்களா?"

விடவில்லை. விட்டிருந்தாலும் பயனில்லை. பூனை உதிர்த்த மயிரிலும் பொருக்கிலும் உள்ள வித்திகள் பாயிலும் தலையணையிலும் சீப்பிலும் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியவை. பூனை போய்விடும், நோய் வீட்டில் இருக்கும். சந்தையில் விட்ட குட்டியை இன்னொரு பிள்ளை பர்தாத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போகும். எங்களுக்கு வந்ததும் அநேகமாக அப்படி யாரோ விட்ட குட்டிதான்.

மிருக வைத்தியர் அறையை இருட்டாக்கி ஒரு விளக்கைப் பிடித்தார். வூட் விளக்கு என்பார்கள். கழியூதாக் கதிர் விடுவது. குட்டியின் காதோரத்தில் மயிர்கள் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தன. மகள் பயப்படுவாள் என்று நினைத்தேன், அவள் "மின்மினி மாதிரி" என்றாள். இந்தப் பச்சை மைக்ரோஸ்போரம் கேனிசுக்கு உள்ள குணம், ஆனால் எல்லா நேரமும் தெரியாது. மாட்டுப் பங்கசு இப்படி ஒளிராது. ஒளிரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது, மயிரை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும்.

குட்டிக்கும் உள்ளுக்கு மருந்து, மேலுக்கு மருந்துக் குளிப்பு. அது முடியும் வரைக்கும் பின் அறையில் தனியாக வைத்தோம். மகள் பக்கத்தில் இருக்கலாம், மடியில் வைக்கக் கூடாது. தினமும் தரையைக் கூட்டி, மயிரை அள்ளி எரித்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, ஐதாக்கிய பிளீச் கொண்டு துடைத்தோம். படுக்கை விரிப்புகளையும் பர்தாக்களையும் அடிக்கடி தோய்த்து வெயிலில் போட்டோம். பழைய சீப்புகளை எறிந்துவிட்டோம். பெரிய வேலையாகத் தோன்றும். ஆனால் வித்தியைக் கொல்வதைவிட, அது ஒட்டியிருக்கும் மயிரையும் தூசியையும் அகற்றுவதுதான் முக்கியம் என்று தெரிந்தபின் இலகுவாகிவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் நாய் பூனைக்குச் சொறி என்றால் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசுவார்கள், மண்ணெண்ணெய் பூசுவார்கள், காயத்துக்குப் பூசும் கிருமிநாசினியால் குளிப்பாட்டுவார்கள். பூனை தன் உடம்பைத் தானே நக்குவது. பூசிய எல்லாம் வயிற்றுக்குள் போகும். பீனோல் வகைக் கிருமிநாசினிகளும், நாய்க்கு உண்ணி மருந்தாக விற்கும் பெர்மெத்ரினும் பூனைக்கு நஞ்சு.

பூனை வளர்ப்பதைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் மார்க்கத்தைக் கொண்டுவருவார்கள், இரண்டு பக்கமாகவும். அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததும், மருமகள் கப்ஷா வியப்போடு பார்த்தபோது பூனை நஜீஸ் இல்லை, நம்மைச் சுற்றித் திரிவது என்ற நபி (ஸல்) அவர்களின் கூற்றை எடுத்துச் சொன்னதும் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ளது. இதைக் கேட்ட சிலர், பூனையிலிருந்து நோயே வராது என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். நஜீஸ் என்பது தொழுகைக்குரிய சுத்தத்தின் அளவுகோல். தொற்று வேறொரு அளவுகோல். சுத்தமான தண்ணீரிலும் நோய்க் கிருமி இருக்கலாம் அல்லவா? நோயுள்ள ஒட்டகத்தைச் சுகமான ஒட்டகங்களோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டாம் என்று தடுத்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. குட்டியைப் பின் அறையில் பிரித்து வைத்தபோது எனக்கு அந்த ஹதீஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. இன்னொரு பக்கத்தில், பூனையைக் கட்டிவைத்துச் சாப்பாடு போடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்ததையும் நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். ஐந்தாறு வாரக் குட்டியைச் சந்தையில் விடுவதை அதற்குப் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டும். மேற்கொண்டு தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை, நான் தமிழாசிரியை.

மத்ரஸாக்களிலும் பள்ளிவாசல்களிலும் கவனிக்க வேண்டியது பூனையைவிடத் தொப்பிதான். தொப்பி கொண்டுவராதவர்களுக்கென்று அலுமாரியில் அடுக்கியிருக்கும் பொதுத் தொப்பிகள், விடுதியில் நாலு பேர் பாவிக்கும் ஒரே சீப்பு, முடி வெட்டும் மெசினில் கழுவாத பல்லு. மனிதருக்குரிய தலைப் பங்கசு இவற்றின் வழியாகத்தான் பிள்ளைக்குப் பிள்ளை போகிறது. பருவ வயதுக்கு முன் தலைத்தோலில் எண்ணெய்ப் பசை குறைவென்பதால் சின்னப் பிள்ளைகளுக்கே அதிகம் பிடிக்கும். பிளாஸ்டிக் தொப்பியைக் கழுவுவது ஒன்றும் கடினமில்லை, கிழமைக்கொரு தரம் சவர்க்காரத் தண்ணீரில் போட்டெடுத்தால் சரி.

மகளுக்குக் குளிசை ஒன்பது கிழமை போனது. மயிர் முளைத்துவிட்டது, நடுவில் பயறு ஒன்றளவு இடத்தைத் தவிர. அது இனி முளைக்காது என்றார்கள். என் கை, ஸ்டீரொயிட்டை விட்டுப் பங்கசு மருந்தை மட்டும் பூசியதில் ஐந்தாறு கிழமையில் தெளிந்தது. பூனைக்கு இரண்டு தரம் மயிரை எடுத்து வளர்த்துப் பார்த்து, இரண்டு தரமும் ஒன்றும் இல்லையென்ற பிறகே பின் அறைக் கதவைத் திறந்தோம். உம்மா ஒரு மாதம் அதோடு பேசவில்லை. இப்போது மீன் வெட்டும்போது முதல் துண்டு அதற்குத்தான் போகிறது.

போன தவணை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் வந்து, பர்தாவைக் கொஞ்சம் நீக்கிக் கழுத்தைக் காட்டினாள். சிவந்த வளையம், விளிம்பில் பொருக்கு.

"வீட்டில பூனை இரிக்கா மகள்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இரிக்கி டீச்சர். ஆனா உம்மாட்ட செல்லிராதீங்க" என்றாள்.

உம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளையைத் தோல் கிளினிக்குக்கும் பூனையை மிருக வைத்தியரிடமும் காட்டச் சொல்லி, பிள்ளையின் தலையை வெளிச்சத்தில் ஒருதரம் பிரித்துப் பார்க்கச் சொல்லி, வீட்டில் ஏதாவது டியூப் பூசியிருந்தால் அந்தப் பெட்டியையும் கையோடு கொண்டு போகச் சொல்லி.